புரட்டாசி மீன்

என்னிடம் லோரியைக் கொண்டுவந்து நிறுத்துகிறவன் எவனும் என்னைப் பற்றி நல்லவிதமாகப் பேசியதில்லை. அதில் எனக்குப் பெருமைதான். செலாயாங் மொத்தச் சந்தையில் விமலன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ‘கேம்ப்ல மூக்கன் ஒருத்தன் இருக்கான்ல’ என்றால் உடனே தெரியும். கோழித்தொடை பிசுபிசுத்தால் திருப்பி அனுப்புவேன். கீரைக்கட்டின் நடுவில் மஞ்சள் தெரிந்தால் கட்டை அவிழ்த்து டிரைவரின் காலடியிலேயே போடுவேன். ஒருமுறை ஒருவன், “பாஸ், இது ஆர்மிக்குத்தானே? ஹோட்டலுக்கா போவுது?” என்று கேட்டுவிட்டான். அவனை மத்தியானம்வரை கேட்டுக்கு வெளியே வெயிலில் நிறுத்தி வைத்தேன்.

‘ஆர்மிக்குத்தானே.’ இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். ஹோட்டலில் சாப்பிடுகிறவன் மீன் சரியில்லை என்றால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோவான், போனில் படம் எடுத்துப் போடுவான். சிப்பாய் என்ன செய்வான்? வரிசையில் நிற்பான், போட்டதைத் தின்பான், தட்டைக் கழுவி வைத்துவிட்டு வெயிலில் ஓடப்போவான். அவன் வாய் திறக்கமாட்டான் என்பது சப்ளையர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் மற்ற இடத்தில் விலைபோகாதது எல்லாம் எங்கள் கேட்டுக்கு வந்து நிற்கும்.

நான் ராணுவத்தில் ஸ்டாஃப் சார்ஜன்ட். கிள்ளான் பக்கத்தில் உள்ள ஒரு கேம்ப். முந்நூற்று நாற்பது பேருக்கு வருகிற ரன்சும், அதாவது அரிசி, காய்கறி, மீன், கோழி எல்லாவற்றையும் பார்த்து வாங்கி வைப்பது என் வேலை. அதற்குப் பாரம் என்று ஒரு படிவம் உண்டு. நிறம், வாடை, தொட்டுப் பார்த்தது, குளிர் என்று நான்கு கட்டம். நான்கிலும் டிக் போட்டு நான் கையெழுத்துப் போட்டால்தான் சரக்கு சமையற்கட்டுக்குள் போகும். என் கையெழுத்துக்குப் பிறகு அதை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். வருடத்தில் பதினோரு மாதம் அந்தக் கையெழுத்துக்கு மரியாதை இருந்தது.

பன்னிரண்டாவது மாதத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

புரட்டாசி மாதம் நாங்கள் சைவம். கிள்ளானில் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், பாதி வீடு அப்படித்தான். நான் சின்ன வயதிலிருந்தே விரதம் பிடிக்கிறேன். ஆனால் மூன்று வருடத்துக்கு முன்னால் என் மனைவி தனலெட்சுமிக்கு வயிற்றில் கட்டி வந்து ஆப்பரேஷன் செய்தார்கள். கட்டி கெட்டதில்லை என்று டாக்டர் சொன்ன அன்றைக்குப் பெருமாளிடம் ஒரு வார்த்தை கொடுத்தேன். இனிமேல் புரட்டாசியில் கவிச்சியைத் தின்னாமல் இருப்பது மட்டும் இல்லை, தொடவும் மாட்டேன், அந்த வாடையே என்மேல் படவிடமாட்டேன் என்று. அந்த மாதம் முழுக்க வீட்டிலிருந்துதான் டிஃபன் கேரியர் கொண்டுபோவேன். மெஸ் பக்கமே போவதில்லை. மீன் லோரி வந்தால் ஸ்டோர் வாசலிலேயே நின்றுகொள்வேன். லோரிக்கும் எனக்கும் நடுவில் பத்தடி இருக்கும். டிரைவர் மூடியைத் திறந்து காட்டுவான், நான் அங்கிருந்தே பார்ப்பேன். ஐஸ் தெரியும், மீன் தெரியும். நான்கு கட்டத்திலும் டிக் போட்டுக் கையெழுத்துப் போடுவேன்.

பத்தடி தூரத்திலிருந்து என்ன வாடை தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். என்னை யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

இதைக் கோயிலில் பெருமையாக வேறு சொல்லித் திரிந்தேன். எங்கள் தாமான் பெருமாள் கோயிலில் புரட்டாசிச் சனிக்கிழமை அன்னதானம் மாணிக்கத்தின் பொறுப்பு. மாணிக்கம் பெரிய வியாபாரி. கிள்ளானில் குளிர்சாதனக் கிடங்கு, மீனுக்கும் கோழிக்கும் ஆறு லோரி. எங்கள் கேம்புக்கு மீன் அனுப்புகிறவரும் அவர்தான். அந்த அன்னதானத்தைச் சாப்பிட்டால் நாக்கு மறக்காது. புளியோதரையில் முழு முந்திரி, பாயாசத்தில் நெய் மிதக்கும். இலைக்கு இலை குனிந்து, “இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க அங்கிள், வயிறார சாப்டணும்லா,” என்று அவரே பரிமாறுவார். வார்த்தை கொடுத்த முதல் வருடம், அவர் பக்கத்தில் நின்று சாம்பார் வாளி தூக்கிய நாளில்தான், “நான் இந்த மாசம் மீன் லோரி கிட்டயே போமாட்டேன்ண்ணே, பத்தடி தள்ளித்தான் நிப்பேன்,” என்று சொன்னேன். “அப்படித்தான் தம்பி இருக்கணும், விரதம்னா விரதம்!” என்று என் தோளில் தட்டினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இந்த வருடம் புரட்டாசி இரண்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை. காலை ஏழு மணிக்கு மாணிக்கத்தின் லோரி வந்தது. கெம்போங் மீன், பன்னிரண்டு பெட்டி. நான் வாசலில் நின்றேன். டிரைவர் மூடியைத் திறந்தான். ஐஸ் தெரிந்தது. கையெழுத்துப் போட்டேன்.

அரைமணி நேரம் கழித்து அஸ்லான் வந்தான். அஸ்லான் எங்கள் சமையற்கட்டின் கோப்ரல். கிளந்தான்காரன், அதிகம் பேசமாட்டான். ரப்பர் பூட்ஸ், ஈர ஏப்ரன். மலாயில்தான் பேசுவான், நான் தமிழில் சொல்கிறேன்.

“ஸ்டாஃப், மீன் சரியில்ல. மேல இருக்கிறது பரவால்ல. அடியில ஐஸே இல்ல. செவுள் கறுத்துப்போச்சு. வந்து பாருங்க.”

“நான் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.”

“ஒரு தடவ மோந்து பாருங்க ஸ்டாஃப். ஒரே ஒரு மீனை.”

அவன் கையில் ஒரு மீன் இருந்தது. அதை என் பக்கம் நீட்டினான். நான் பின்வாங்கினேன். காலையில் குளித்து, நாமம் இட்டு, பெருமாளைக் கும்பிட்டுவிட்டு வந்த உடம்பு. “கிட்ட கொண்டுவராதடா!” என்று கத்தினேன்.

அவன் கையைக் கீழே இறக்கிக்கொண்டான். “அப்ப லோரியைத் திருப்பி அனுப்புங்க. இல்லாட்டி போன வருஷம் மாதிரி நான் பாதியைக் கழிச்சுக் கொட்டிடறேன்.”

போன வருடம் என்றதும் எனக்கு ஏறிவிட்டது. போன வருடமும் இதே மாதத்தில் பையன்கள் முணுமுணுத்தார்கள். ஆளுக்கு இரண்டு மீன் வரவேண்டிய இடத்தில் ஒன்றுதான் வந்தது. அதற்கு முந்தின வருடமும் அப்படித்தான். எனக்கு அப்போதே இவன்மேல் சந்தேகம். லோரியைத் திருப்பி அனுப்புவதென்றால் கையெழுத்தை ரத்து செய்யவேண்டும், ஏன் முதலிலேயே பார்க்கவில்லை என்று காரணம் எழுதவேண்டும். அது ஒரு பக்கம். இவன் பேச்சு இன்னொரு பக்கம். எது முதலில் என் வாயைத் திறந்தது என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

“பாதியைக் கொட்டினியா? எங்க கொட்டினே? உன் வீட்டுச் சட்டியிலயா?” என்றேன். பக்கத்துச் சமையற்கட்டில் ஆறு பேர் இருந்தார்கள். எல்லாரும் கேட்கும்படித்தான் சொன்னேன். “சிப்பாய் சோத்துல கை வைக்கிறவன் திருடன். இந்தத் தடவ நான் எண்ணுவேன். தலைக்கு ரெண்டு மீன், ஒண்ணுகூட குறையக்கூடாது. பன்னிரண்டு பெட்டியும் சட்டிக்குள்ள போவணும். புரியுதா?”

அஸ்லானின் முகம் சிவந்தது. கையிலிருந்த மீனைப் பார்த்தான். பிறகு என் நெற்றியைப் பார்த்தான். “சரி ஸ்டாஃப்,” என்றான். போய்விட்டான்.

அவன் அசாம் பெடாஸ் என்ற புளிக்குழம்பு வைத்தான். புளியும் மிளகாயும் தூக்கலாக இருந்தால் எந்த வாடையும் அடங்கிவிடும். தலைக்கு இரண்டு மீன் போட்டார்கள். நான் மெஸ் ஜன்னலுக்கு வெளியே நின்று தட்டுகளை எண்ணினேன். இந்தத் தடவை யாரும் முணுமுணுக்கவில்லை.

இரண்டு மணிக்கு முதல் ஆள் விழுந்தான். முகமும் கழுத்தும் செக்கச்செவேல் என்று தடித்துப்போய், தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். மூன்று மணிக்குள் முப்பத்தொரு பேர். ட்ரக்கில் ஏற்றி ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கெட்டுப்போன மீனில் ஊறுகிற விஷம் எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது என்று டாக்டர் சொன்னார். மற்றவர்கள் மறுநாள் திரும்பி வந்தார்கள். ஜீவன் மட்டும் வரவில்லை. ஜீவன் பிரிக்பீல்ட்ஸ் பையன், சேர்ந்து எட்டு மாதம். ரத்த அழுத்தம் இறங்கி, நினைவு தப்பி, தீவிர சிகிச்சையில் கிடந்தான்.

புதன்கிழமை நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஜீவனின் அம்மா உஷாராணி வார்டு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கில் வேலை, அந்தச் சீருடையோடு ஓடிவந்திருந்தார். நான் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றார்.

“நீங்கதான் சாப்பாட்டு சாமான் வாங்குறவரா?”

“ஆமாக்கா.”

“தமிழரா இருக்கீங்க. நெத்தியில நாமம் வேற. புரட்டாசியா?”

“ஆமாக்கா.”

“என் மவனும் வருஷா வருஷம் புடிப்பான். இந்த வருஷந்தான் விட்டான். ஏன் தெரியுமா? ‘கேம்ப்ல சைவம் புடிச்சா வெறுஞ்சோறுதான்மா, ஓட முடியாது’ன்னான். நீங்க எங்க சாப்டுறீங்க?”

எனக்கு என் டிஃபன் கேரியர் ஞாபகம் வந்தது.

“வீட்டுலருந்து கட்டிட்டு வர்றீங்க. அப்படித்தானே?” குரல் உயர்ந்தது. நர்ஸ் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். “நான் பாசார்ல நாலு மீன் வாங்குனாலும் செவுளத் தூக்கிப் பாக்காம வாங்கமாட்டேன். மீன்காரன் மொறைப்பான், மொறைச்சா மொறைச்சிட்டுப் போறான்! நீங்க முந்நூறு புள்ளைங்களுக்கு வாங்குறீங்க. மீனைப் பாத்தீங்களா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.”

“பாத்தேன்க்கா,” என்றேன்.

வாயிலிருந்து வந்தே விட்டது. அந்த அம்மா, “அப்ப வேற எவனோதான் என் புள்ளைக்கு இதப் பண்ணிட்டான். அந்தப் பாவி நல்லா இருக்கமாட்டான்,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நான் லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கினேன்.

விசாரணை திங்கட்கிழமை என்று வியாழக்கிழமை உத்தரவு வந்தது. அதற்குள் கேம்ப் முழுக்க ஒரே பேச்சு: சமையற்கட்டில்தான் தப்பு. மீனைக் கழுவி வெளியே போட்டு வைத்துவிட்டார்கள், வெயிலில் கெட்டுவிட்டது, அஸ்லானின் கோப்ரல் பட்டை போகும், சிறைக்குக்கூடப் போகலாம். என் கையெழுத்து இருந்தது அல்லவா? மீன் வரும்போது நன்றாக இருந்தது என்று அந்தக் கையெழுத்து சொல்லியது. நான் ஒரு வார்த்தையும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அஸ்லான் என்னைக் கடந்து போகும்போது சல்யூட் மட்டும் அடித்தான். முகத்தைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை கோயிலுக்குப் போனேன். மாணிக்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கத்தரிக்காய்க் கூட்டு பரிமாறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கரண்டியை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டு, கை துடைத்துக்கொண்டே செருப்பு விடுகிற பக்கம் கூட்டிப் போனார்.

“என்னா தம்பி, முகம் வாடிக் கெடக்கு? ஒண்ணும் ஆவாது. உன் கையெழுத்து இருக்கு. மீன் நல்லாத்தான் இருந்துச்சுன்னு ஒரு வரி சொல்லு, போதும். மிச்சத்த சமையக்காரன் தலையில கட்டிடுவாங்க.”

“அடியில ஐஸே இல்லன்னான்ண்ணே அவன். செவுள் கறுத்துருந்துச்சாம்.”

“அவன் சொல்வான்லா. நீ பாத்தியா?”

“நான் பாக்கல.”

“அப்பறம் என்னா? பாக்காத ஒண்ணப் பத்தி நீ ஏன் பேசுற?”

அவர் சிரித்தார். பந்தியிலிருந்து பாயாச வாசனை வந்தது.

“அண்ணே, ஒண்ணு கேக்குறேன். இங்க பெருமாளுக்கு முழு முந்திரி போடுறீங்க. அந்தப் புள்ளைங்களுக்கு ஏன்ண்ணே அழுகுன மீனு?”

“யார்ரா அழுகுனதுன்னது?” என்றார். சிரிப்பு போய்விட்டது. “இங்க சாப்டுறவன் நாளைக்கும் என் முகத்துல முழிப்பான். அங்க சாப்டுறவன யாருக்குத் தெரியும்? கெடங்குல தங்கிப்போனத எங்கியாவது தள்ளித்தானே ஆவணும். மத்த மாசம் உன் கேட்டுக்கு அனுப்ப முடியுமா? நீ ஒரு பேயி. செவுளுக்குள்ள மூக்க விடுவ. அதான் வருஷம் பூரா சேர்ந்தத இந்த ஒரு மாசம் உன்கிட்ட தள்ளுவேன். நீதான் பத்தடி தள்ளி நிப்பியே. நீயே சொன்னது தம்பி, நான் வேவு பாக்கல.”

“எத்தன வருஷமா?”

“மூணு வருஷமாத்தான். ஒருத்தனுக்கு ஒண்ணும் ஆவல. இந்த வருஷம் எப்படி ஆச்சுன்னு எனக்கே புரியல.”

எனக்குப் புரிந்தது. அந்த இடத்திலேயே, செருப்புக் குவியலுக்கு நடுவில் நின்றபோது புரிந்தது. இரண்டு வருடம் ஒருவன் ஒவ்வொரு மீனாகத் தூக்கிப் பார்த்து, கெட்டதைக் கழித்துக் கொட்டிவிட்டு, மிச்சத்தைச் சமைத்துப் போட்டிருக்கிறான். மீன் குறைந்தது என்று பையன்களிடம் ஏச்சும் வாங்கியிருக்கிறான். மூன்றாவது வருடம் அவனைத் திருடன் என்று சொல்லி, எல்லாவற்றையும் சட்டிக்குள் போட வைத்தவன் நான்.

“நீங்கள்லாம் ஒரு மனுஷனாண்ணே?” என்று கத்தினேன். பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பினார்கள். “ஒரு புள்ள மூச்சு வாங்கிக்கிட்டுக் கெடக்குறான்! இலை போட்டு அன்னதானம் பண்ற கையா இது? த்தூ!”

“கத்தாதடா,” என்றார் மாணிக்கம், பல்லைக் கடித்துக்கொண்டு. “என்னைய மாட்டிவிட்டா நீயும் சேந்து மாட்டுவ. நான் மீன்தான் அனுப்புனேன். பாத்தேன்னு டிக் போட்டது நீ. சர்வீஸ் முடிய உனக்கு இன்னும் பதினாலு மாசம் இருக்கு. பென்ஷன் வேணுமா, அந்த கோப்ரல் வேணுமா? வீட்டுக்குப் போயி தனலெட்சுமிகிட்ட கேட்டுப் பாரு.”

நான் அவர் சட்டையைப் பிடிக்கப் போனேன். இரண்டு பேர் வந்து இழுத்து விலக்கினார்கள். கோயில் என்பதால் விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மை அதுவல்ல. அவர் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அதனால்தான் கை தளர்ந்துவிட்டது.

தனலெட்சுமியிடம் அன்று மாலையே சொன்னேன். வெந்தயக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டுவிட்டு, “என் வயித்துக் கட்டிக்கா இத்தனையும்?” என்றாள். அழுதாள். பிறகு கோபமாக, “நான் கேட்டனா? வாடை படக்கூடாதுன்னு நான் உங்களக் கேட்டனா?” என்றாள். பென்ஷனைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணி. மேஜர் நடுவில், இரண்டு பக்கமும் இரண்டு அதிகாரிகள். மேசைமேல் என் பாரம். நான்கு டிக், கீழே என் கையெழுத்து, அழகாகத் தெரிந்தது.

“ஸ்டாஃப் சார்ஜன்ட் விமலன், இது உங்கள் கையெழுத்தா?”

“ஆமாம் டுவான்.”

“மீனைத் தொட்டுப் பார்த்தீர்களா?”

“இல்லை டுவான்.”

மேஜர் எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். “மோந்து பார்த்தீர்களா?”

“இல்லை டுவான். பத்தடி தள்ளி நின்றேன். பார்க்காமல் டிக் போட்டேன். மூன்று வருடமாக இந்த ஒரு மாதம் அப்படித்தான் செய்கிறேன். சப்ளையருக்கு அது தெரியும், தெரிந்துதான் அனுப்பினார். என்னிடம் அவரே ஒப்புக்கொண்டார். கோப்ரல் அஸ்லான் மீன் கெட்டது என்று சொன்னார். மீனைக் கொண்டுவந்து காட்டினார். நான் அவரைத் திருடன் என்று சொல்லி, எல்லாவற்றையும் சமைக்கச் சொல்லி உத்தரவு போட்டேன். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை.”

மேஜர் பாரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“ஏன் பார்க்கவில்லை?”

“விரதம் டுவான். மதக் கடமை.”

அதைச் சொல்லும்போது தலையை நிமிர்த்திக்கொண்டேன். மறைக்காமல் சொல்லவேண்டும், இப்போது அதையும் சொல்லிவிடுகிறேன்: அந்த நேரத்தில் எனக்கு என்மேல் ஒரு மதிப்பு வந்தது. பென்ஷனைத் தூக்கி எறிந்துவிட்டு உண்மையைச் சொல்கிறவன், கடவுளுக்குக் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றப்போய் மாட்டிக்கொண்டவன். மேஜர் அதையும் எழுதிக்கொண்டார். என்மேல் குற்றப்பத்திரிகை வரும், அதுவரை ஸ்டோர் பக்கம் போகக்கூடாது என்றார். மாணிக்கத்தின் லோரி அன்றிலிருந்து கேட்டுக்குள் வரக்கூடாது என்று உத்தரவாயிற்று, போலீசுக்கும் கடிதம் போனது. அஸ்லானை விட்டுவிட்டார்கள். ஜீவன் கண் விழித்து அவன் அம்மாவிடம் தண்ணீர் கேட்டான் என்ற செய்தியும் அன்றைக்குத்தான் வந்தது.

நான் நேராகச் சமையற்கட்டுக்குப் போனேன். அஸ்லான் பெரிய சட்டியில் கோழிக்குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தான். விசாரணையில் நான் சொன்னது அதற்குள் அவன் காதுக்குப் போயிருந்தது. ஏதாவது சொல்வான் என்று நினைத்தேன். நன்றி என்றுகூட எதிர்பார்த்தேன், அப்படியும் ஒரு மடையன் நான்.

“அஸ்லான், மன்னிச்சிடு. அன்னிக்கு சொன்னது தப்பு. விரதம்கிறதால கிட்ட வர முடியல. உனக்குப் புரியும்னு நினைக்கிறேன். நீயும் நோன்பு வைக்கிறவன்.”

அவன் கிளறுவதை நிறுத்தினான். அடுப்பைத் தணித்தான்.

“ஸ்டாஃப், நோன்பு மாசத்துல பகல்ல உங்களுக்குச் சமைக்கிறது யாரு?”

நான் அவன் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தேன்.

“நோன்பு இல்லாதவங்க நாப்பது பேரு இருக்கீங்க. இந்தியர், சீனர், சபா சரவாக் பசங்க. பதினோரு வருஷமா உங்களுக்கு மத்தியானச் சோறு நான்தான் சமைக்கிறேன். வயித்துல ஒண்ணும் இருக்காது, தொண்டை காஞ்சிருக்கும். ஒவ்வொரு மீனையும் மோந்து பாப்பேன். குழம்ப நாக்கு நுனியில வச்சுப் பாத்துட்டு, வெளிய போயி துப்பிட்டு, வாய் கொப்பளிச்சுட்டு வருவேன். ஒரு நாள்கூட பாக்காம உங்க தட்டுல போட்டதில்ல. என் நோன்பு அதனால முறியல.” கரண்டியைச் சட்டி ஓரத்தில் தட்டினான். “மோந்து பாக்கக்கூடாதுன்னு உங்க சாமியா சொன்னாரு?”

பிறகு அவன் அடுப்பை ஏற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டான். பதினொன்றரை ஆகிவிட்டது, பையன்கள் வருகிற நேரம். நான் அங்கேயே நின்றேன்.

ஒரு நோன்பு மாதத்தில், குழம்பில் உப்பே இல்லை என்று தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, இதே இடத்தில் நின்று அவனிடம் கத்தியது ஞாபகம் வந்தது. அவன் சட்டியில் உப்பைப் போட்டான், நாக்கில் வைத்துப் பார்த்தான், பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான், குழாய்ச் சத்தம் கேட்டது, வந்து என் தட்டில் குழம்பை ஊற்றினான். ஏன் வெளியே போனான் என்று நான் கேட்கவில்லை. நின்றபடியே தின்றுவிட்டு, இப்போதுதான் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனேன்.